ஒரு வெள்ளை மாத்திரை மிச்சம்

மில் பஸ் கேட்டைத் தாண்டும்போது மணி இரண்டு பத்து. வீட்டுக்கு நாற்பது நிமிடம். அதற்குள் அந்த நாளைப் பிடித்துவிட வேண்டும். பிடித்து என்ன செய்யப்போகிறாய் சுகந்தி என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது, ஆனாலும் எந்த நாள் என்று தெரியாமல் வீட்டுப் படி ஏற முடியாது, ஏறினால் என் முகமே அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும், என் முகத்தில் ரகசியம் தங்காது. கருத்தடை மாத்திரை அட்டையில் இருபத்தோரு வெள்ளை, ஏழு பழுப்பு. நேற்றிலிருந்து இதையே வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் தேதி திங்கட்கிழமை முதல் வெள்ளை. இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு வெள்ளை எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். இருபத்தாறாம் தேதி ராத்திரி பழுப்பை எடுக்கலாம் என்று அட்டையைத் திருப்பினால், ஒரு வெள்ளை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் நான் போடவில்லை. எந்த நாள்? இருபத்தாறாம் தேதிக்கு மிஞ்சின அந்த வெள்ளையையே போட்டுக்கொண்டேன், தூக்கி எறியவா முடியும். மறுநாளிலிருந்து பழுப்பு. பழுப்பு ஆரம்பித்த இரண்டாம் நாள், மிஞ்சினால் மூன்றாம் நாள் தீட்டு வந்துவிடும் என்று நர்ஸம்மா சொன்னாள். நான்கு பழுப்பு போட்டாயிற்று. இன்றைக்கு முப்பத்தொன்று, சனிக்கிழமை, ராத்திரிக்கு ஐந்தாவது. வரவில்லை. காலையில் வரும் என்று பார்த்தேன், எட்டு மணி டீக்கு விட்டபோது ஓடிப்போய்ப் பார்த்தேன், சாப்பாட்டு மணிக்குப் பார்த்தேன், இதோ கிளம்பும்போதும் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தத்துக்கு நான் என் வாழ்நாளில் பயந்ததில்லை.

ஒன்றுதானே, ஒன்று விட்டால் ஒன்றும் ஆகாது என்று மனசு ஒரு பக்கம் சொல்கிறது. நர்ஸம்மாவும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னாள். துணைச் சுகாதார நிலையத்து மர பெஞ்சில் என்னை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் புஸ்புஸ்ஸென்று காற்றடித்து, "நூத்திப்பத்துக்கு எழுபது. நல்லாருக்கு. பிள்ளைக்கும் வருசம் தாண்டிட்டு. தைரியமாப் போடு" என்று அட்டையை நீட்டினாள். என்னோடு துணைக்கு வந்திருந்த மில் சிநேகிதி ஜெபமலர் சும்மா இருக்கமாட்டாமல், "இவ வீட்டுக்காரரு லாரிலல்லா ஓடுதாரு, பத்து நாளைக்கு ஒருக்கதான் வாராரு. அவரு வார அன்னைக்கு மட்டும் போட்டாப் போதாதா?" என்று கேட்டாள். நர்ஸம்மாவுக்கு வந்ததே கோபம். "இது என்ன பஸ் டிக்கெட்டா, ஏறும்போது வாங்கிக்கிட? அவரு வந்தாலும் வராட்டாலும் தினமும் ஒண்ணு. ஒரே நேரம். ராத்திரி சாப்பிட்டதும் போட்டுட்டுப் படு, மறக்காது. மறந்துட்டேன்னு வச்சுக்கோ, நெனவு வந்த நிமிசமே அதப் போட்டுரு, அன்னைக்கு உள்ளத அன்னைக்கு நேரத்துக்குப் போடு. ஒரே நாள்ல ரெண்டு ஆனாலும் ஒண்ணும் செய்யாது. ரெண்டு நாளு தொடர்ந்து விட்டுட்டா நேரா எங்கிட்ட வந்துரு. ஏழு பழுப்பும் முடிஞ்ச மறுநாளே புது அட்ட, ஒரு நாள் கூட இடைவெளி கூடாது. மொத ரெண்டு மாசம் கொமட்டும், தல சுத்தும், அதுக்குப் பயந்து நிறுத்திராத." எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மறந்தது நினைவு வந்தால் போட வேண்டும், சரி. மறந்ததே தெரியாதவள் என்ன செய்ய வேண்டும்? அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, அன்றைக்கு நான் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினில் நாலு வருஷமாக நிற்கிறேன். ஆயிரம் கதிர் ஒரே மாதிரி சுற்றும், அதில் ஒரு இழை அறுந்தால் பத்தடி தள்ளி நின்றே என் கண் பிடித்துவிடும், ஓடிப்போய் ஒட்டிவிடுவேன். அறுந்த ஒரு நாள் மட்டும் என் கண்ணுக்கு அகப்படமாட்டேன் என்கிறது.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை விரல் தானாகத் தடவுகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் முன்னால் என் போட்டோ, போட்டோவுக்குப் பின்னால் மாத்திரை அட்டை. வீட்டில் வேறு எங்கே வைப்பது? பீரோ அத்தை கையில், அரிசிப் பானை அத்தை கையில், என் டிரங்குப் பெட்டியில்கூட பாப்பாவின் சட்டையை எடுக்க அத்தை கை போகும். என் மாமியார் ராமுத்தாய் அத்தை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டை போட்டுவிட்டுப் போகலாம். நான் மில்லுக்குப் போகும்போதெல்லாம் பாப்பாவைத் தூக்கி வைத்திருப்பது அவள்தான், எனக்கு மீன் தலையை எடுத்து வைப்பதும் அவள்தான். ஆனால் அவள் நாள் பார்க்கிறவள். எங்கள் வீட்டில் தூரமானால் மூன்று நாள் தனிப் பாய், தனித் தட்டு, விளக்குப் பக்கம் போகக்கூடாது, மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் அடுப்படி. அப்படி இருக்கும் வீட்டில் ஒரு பொம்பளையின் நாள் ஒளிந்துகொள்ள முடியுமா? எனக்கு வராதது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இந்த மாதம் ஆரம்பத்திலிருந்து வேறு, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் நேராகப் பார்த்ததில்லை, நான் பார்ப்பதை அவள் பார்த்துவிடுவாளோ என்று கடைக்கண்ணால்தான் பார்த்திருக்கிறேன், கட்டத்துக்குக் கட்டம் புள்ளி. என் நாட்களை எண்ணுகிறாள். எதற்கு எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? போன மாதம் தெருக்குழாயில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது ஜன்னல் வழியே காதில் விழுந்தது. "மொதல்ல பொட்டப்பிள்ள வந்துட்டு. அடுத்தால ஒரு பயலப் பெத்துக் குடுத்துட்டான்னா போதும், நான் கண்ண மூடிருவேன்." இன்றைக்கு விடியற்காலையில் நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது டிபன் பையைக் கையில் கொடுத்துவிட்டு, குரலை இறக்கி, "இன்னும் ஒதுங்கலையாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகத்தில் என்னமோ வந்து போனது. ஆசை என்றுதான் நினைத்தேன்.

ஆசைப்படட்டும், ஆசைப்படுகிறவள் அல்ல சாகப்போவது. இப்படி நினைத்தவுடன் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடி என்றாலே அத்தையின் வலது ஆள்காட்டி விரல்தான் நினைவுக்கு வரும். பாப்பாவை உண்டானபோது ஒன்பதாம் மாதம் கால் வீங்கியது, செருப்பு சின்னதாகிப் போச்சு என்று சிரித்தேன். அப்புறம் தலைவலி, சாதாரண தலைவலி இல்லை, உள்ளே யாரோ உரல் இடிக்கிற வலி. அப்புறம் கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் பூச்சிகள் பறந்தன. அத்தை, லைட்டை அணைங்க என்று சொன்னது நினைவிருக்கிறது, லைட்டே எரியவில்லை என்று அவள் சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் என் வாழ்க்கையில் கிடையாது. கண் விழித்தபோது பெரியாஸ்பத்திரி மேற்கூரையில் ஒரு மின்விசிறி மட்டும். ஜன்னி வந்து கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம், நாக்கைக் கடித்துவிடுவேன் என்று அத்தை தன் விரலை என் பல்லுக்கு நடுவே கொடுத்திருக்கிறாள், அப்படிச் செய்யக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் அவளைத் திட்டினார்களாம், நாலு தையல். சோறு போடும்போதெல்லாம் அந்தத் தழும்பு என் தட்டுக்கு மேலே வந்து போகும், அரை வட்டமாக, என் பல் வரிசை. டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரர் கனகவேலையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மூணு வருஷத்துக்கு அடுத்த குழந்தையைப் பத்தி யோசிக்காதீங்க. இது மறுபடி வரலாம். இந்தத் தடவை நேரத்துக்குக் கொண்டுவந்ததால பிழைச்சீங்க." அடுத்த தடவை என்று அவர் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். கனகவேல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதார், லாரி ஓட்டுகிற மனுஷன், எத்தனை விபத்தை ரோட்டில் பார்த்திருப்பார். காப்பர் டி போட்டுக்கொள் என்றார்கள், எனக்குப் பயம், உள்ளே எதையும் வைக்கவிட எனக்குத் தெம்பில்லை. அப்படித்தான் மாத்திரைக்கு வந்தேன். அவருக்குத் தெரியும். அவர் அம்மாவுக்குச் சொல்ல மட்டும் இருவருக்கும் வாய் வரவில்லை.

தென்னந்தோப்பு வந்துவிட்டது, கால்வாசி வழி போயாச்சு. யோசி. முதல் வாரம் முதல் ஷிப்டு, காலை ஆறிலிருந்து இரண்டு. ராத்திரி எட்டரைக்குச் சாப்பாடு, பாத்திரம் கழுவியதும் மாத்திரை, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளும் போட்டேன், நிச்சயம். முதல் நாள் போட்டபோது தண்ணீர் தொண்டையில் நின்றது, இதையே சாப்பிட்டுச் செத்துவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன். பயந்த நாட்கள் மறக்காது. இரண்டாம் வாரம் மூன்றாம் ஷிப்டு, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு. வீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறினால் குமட்டுகிறது என்று, மில் கேன்டீனில் இரண்டு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். அதுவும் ராத்திரிச் சாப்பாடுதானே, நர்ஸம்மா சொன்னது ராத்திரிச் சாப்பாடு. ஆறு ராத்திரியும் போட்டேன், ஜெபமலர் பக்கத்தில் உட்கார்ந்து, "விழுந்துரப் போவுது, ஏந்திப் பிடி" என்று கிண்டல் பண்ணுவாள். ஆறு ராத்திரி, ஆறு மாத்திரை. மூன்றாம் வாரம் இரண்டாம் ஷிப்டு, மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து, வீட்டுக்கு வர பதினொன்று ஆகும், ஆறிய சோறு, மாத்திரை. ஒரு நாள் சோறு வேண்டாம் என்று படுத்தேனே, அன்றைக்கா? இல்லை, படுத்தவள் எழுந்து போட்டேன், இருட்டில் செம்பு தட்டிப் பாப்பா அழுதாள். இதோ எல்லா நாளும் இருக்கிறது. ஒரு நாள்கூட அறுந்த மாதிரி தெரியவில்லை. அப்புறம் எப்படி ஒன்று மிஞ்சும்? கம்பெனிக்காரன் அட்டையில் ஒன்று கூட வைத்துவிட்டானோ என்றுகூட நேற்று யோசித்தேன், பயம் வந்தால் புத்தி எங்கெல்லாம் போய்ப் படுக்கிறது.

மடியில் டிபன் பை. மேல் அடுக்கில் எலுமிச்சைச் சோற்று வாசனைக்கு நடுவே கர்ப்பம் பார்க்கிற கார்டு, சின்ன உறையில். நேற்று இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, தெரியாத மெடிக்கலில் வாங்கினேன், மதினிக்கு என்று சொன்னேன், அந்தப் பெண் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. நேற்று ராத்திரியே பார்த்திருக்கலாம், ரவிக்கைக்குள்தான் இருந்தது, காலையில் பஸ்ஸில்தான் பைக்கு மாற்றினேன். பார்க்கவில்லை. பார்க்காதவரை இரண்டும் இல்லை. பார்த்து, இரண்டு கோடு வந்தால்? ஆஸ்பத்திரிக்குப் போனால் வழி இருக்கிறது என்று தெரியும், ஆனால் அத்தைக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது? உங்கள் பேரனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்றா? போகாமல் சுமந்தால் ஒன்பதாம் மாதம் செருப்பு சின்னதாகும். பாப்பாவுக்கு இப்போதுதான் அம்மா என்று சொல்ல வந்திருக்கிறது, அதைக்கூட அத்தையைப் பார்த்துத்தான் சொல்கிறாள். நான் இல்லாமல் போனால் அந்தக் குழந்தைக்கு என் முகமே நினைவிருக்காது. போட்டோ இருக்கும், இந்த அடையாள அட்டை போட்டோ, கண்ணைத் திருதிருவென்று விழித்துக்கொண்டு.

"ஏட்டி, தூங்குதியா?" ஜெபமலர் முழங்கையால் இடித்தாள். இல்லை என்றேன். அவளுக்கு யாரிடமாவது பொரும வேண்டும். "அந்த ஆபீஸ் பய சொன்னதக் கேட்டியா? திங்கக்கிழமையில இருந்து நமக்கு மூணாம் ஷிப்டு வருதுல்லா. போன தடவ மூணாம் ஷிப்டு கடைசி நாளு, ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்குல்லா வெளிய வந்தோம்? ஞாயித்துக்கிழமையும் வேல பாத்துருக்கேன், அதுக்கு ஒரு மாத்து லீவு தாங்க சார்னு கேட்டேன். அதுக்கு அவன் சொல்லுதான், நீ எப்ப வெளிய வந்தா எனக்கென்ன, உள்ள வந்தது சனிக்கிழம, விடிஞ்சாலும் அது சனிக்கிழம வேலதான்ங்கான். ஞாயித்துக்கிழம அப்பிடியே உனக்கு முழுசாக் கெடக்குங்கான்." அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. விடிந்தாலும் அது சனிக்கிழமை வேலைதான். ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடக்கிறது. அன்றைக்குக் கேன்டீனில் இரண்டு மணிக்கு நான் போட்டது சனிக்கிழமை மாத்திரை.

பதினெட்டாம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை வந்து படுத்தவள் மத்தியானம் எழுந்தேன், கனகவேல் எர்ணாகுளத்திலிருந்து லோடு இறக்கிவிட்டு மூன்று மணிக்கு வந்தார், பாப்பாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ், எனக்கு ஒரு நைட்டி, அத்தைக்கு வெற்றிலைப் பெட்டி. மீன் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்து, பாப்பா தூங்கி, விளக்கை அணைக்கப் போகும்போது அவர் கேட்டார், எப்போதும் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி: "மாத்திர போட்டியா?" நான் சொன்னேன், "போட்டாச்சு. நீங்க வாரதுக்கு முன்னாலயே போட்டாச்சு." சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிச்சயம். அன்றைக்கு விடிவதற்கு முன்னால்தானே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதானே, இன்றைக்கு உள்ளது ஆயிற்று. மில்லுக்கு அது சனிக்கிழமை, காலண்டருக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் மில்லுக்கு ஒரு கணக்கும் வீட்டுக்கு ஒரு கணக்குமாக வைத்து நடுவில் ஒரு நாளை விழுங்கியிருக்கிறேன். மறுபடி போட்டது திங்கட்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்து. ஞாயிறு அதிகாலை இரண்டிலிருந்து திங்கள் ராத்திரி பதினொன்று. விரலை மடித்து எண்ணுகிறேன், நாற்பத்தைந்து மணி நேரம். அதற்கு நடுவில்தான் அவர் என் தலையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். போட்டாச்சு என்றேன். அவரை ஏமாற்றவில்லை, என்னையே ஏமாற்றிக்கொண்டேன், அதுதான் தாங்க முடியவில்லை.

நாள் கிடைத்துவிட்டது, நிம்மதி கிடைக்கவில்லை. இப்போது இன்னொன்றும் தெரிகிறது, எவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்கலாம் என்று. ராத்திரிச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டதுதான் தப்பு. ஷிப்டுக்காரிக்கு ராத்திரியும் சாப்பாடும் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். மாறாதது மத்தியானம் இரண்டு மணி. முதல் ஷிப்டில் இரண்டு மணிக்கு வெளியே வருகிறேன், இரண்டாம் ஷிப்டில் இரண்டு மணிக்கு உள்ளே போகிறேன், மூன்றாம் ஷிப்டில் இரண்டு மணிக்கு வீட்டில் எழுந்து முகம் கழுவுகிறேன். மூன்றிலும் நான் முழித்திருக்கிறேன், மூன்றிலும் அட்டை என் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு மணி என்று வைத்திருந்தால் போதும். இந்தப் புத்தி இருபது நாள் முன்னால் வந்திருக்க வேண்டியது. இனி வைத்துக்கொள்கிறேன், இன்னொரு அட்டை எனக்கு உண்டென்றால். ஜெபமலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி வேர்க்குது உனக்கு?" என்றாள். பஸ் நின்றது. இறங்கினேன்.

வீட்டுக்குள் பாப்பா அலுமினியத் தட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தை அவளுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி எப்போதும் போல ஆணியில் மாட்டினேன். ஆணிக்குப் பக்கத்தில் காலண்டர். பதினெட்டைப் பார்க்க வேண்டும் என்றுதான் கண் போனது, வேறெதற்கும் இல்லை. இந்த மாதத்தில் முதல் தடவையாக அதை நேராகப் பார்த்தேன். புள்ளிகள் ஐந்தாம் தேதியில் ஆரம்பித்தன. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எனக்குத் தூரம் வந்தது போன மூன்றாம் தேதி, அங்கே புள்ளி இல்லை. ஐந்திலிருந்துதான். நேற்று முப்பது வரை ஒரு கட்டம் விடாமல் ஒரு புள்ளி, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர. பதினெட்டு வெறுமையாக இருந்தது.

பின்னால் தட்டுச் சத்தம் நின்றது, பாப்பாவை அத்தை தூக்கிவிட்டாள் போல. "பதினெட்டுல புள்ளி இல்லையே, அத்தை" என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. "அன்னைக்கு நீ போடலல்லா" என்றாள். நான் திரும்பவில்லை. "கழுத்து அட்டைய ஆணில மாட்டிட்டுக் குளிக்கப் போவ. அப்ப எண்ணுவேன். எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். மொதல்ல என்ன மாத்திரன்னு தெரியல, அட்ட இப்பிடி இப்பிடி இருக்குன்னு அந்த நர்ஸம்மாட்ட சொல்லிக் கேட்டேன், சொன்னா. திங்கக்கிழம காலைல எண்ணினேன், முந்தின நாளு மத்தியானம் இருந்த அதே எண்ணிக்க. எனக்குக் கை கால் ஓடல." திங்கட்கிழமை காலை. அப்போதே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அங்கேயே, இதே வீட்டில், இரண்டாம் ஷிப்டுக்கு நேரமிருக்கிறது என்று படுத்துக் கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்து போட்டிருப்பேனே. "ஏன் சொல்லல?" என்று திரும்பிக் கத்தினேன், மாமியாரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை, பாப்பா மிரண்டு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீ ஒளிச்சுல்லா வச்சிருந்த. ஒளிச்சு வச்சத நான் எப்பிடிட்டி கேக்க? கேட்டா, கெழவிக்குத் தெரிஞ்சுட்டுன்னு நிறுத்திருவியோன்னு பயம். கேக்காட்டா மறந்துருவியோன்னு பயம். தெனமும் இதே பாடுதான் எனக்கு." "தெருக்குழாயில பேரன் வேணும்னு சொன்னீங்களே." அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். "தெருவுக்கு வேற என்ன சொல்ல? என் மருமக செத்துப்போயிருவாளோன்னு ராவெல்லாம் பயந்து கெடக்கேன்னு சொல்லவா?"

டிபன் பையிலிருந்து கார்டை எடுத்தேன். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன், ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று சொட்டு. ஐந்து நிமிடம் என்று உறையில் போட்டிருந்தது. வாளி விளிம்பில் கார்டை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். முதல் கோடு உடனே வந்துவிட்டது, அது எல்லோருக்கும் வரும் கோடு, அதற்குக் கணக்கில்லை. அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு இடம். அந்த இடத்தையே பார்த்தேன், கண் சிமிட்டினால் அந்த நேரம் பார்த்து வந்துவிடும் என்று சிமிட்டாமல் பார்த்தேன், கண்ணில் நீர் கட்டி கோடு இரண்டாகத் தெரிந்தது, துடைத்தேன், ஒன்று. கதவுக்கு வெளியே அத்தை மூச்சு விடுவது கேட்டது. "வந்துட்டா?" "ஒண்ணு வந்துருக்கு. பொறுங்க, இன்னும் நேரம் ஆகல." "எத்தன கோடு?" "பொறுங்க அத்தை." ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் வரை நின்றேன். வெள்ளை இடம் வெள்ளையாகவே இருந்தது. "ஒண்ணுதான்" என்றேன். கதவைத் திறந்தால் அத்தை வாசற்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பாப்பா. கையை நீட்டிக் கார்டை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாப் பாத்தியா? ஒண்ணுதானா? இந்தா, இதுக்குப் பக்கத்துல என்னமோ நிழலு மாதிரித் தெரியுதே." "அது உங்க விரல் நிழல்." அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "நான் சாமிக்குக்கூட நேந்துக்கிடலட்டி. நேந்துக்கிட்டா எதுக்குன்னு கேப்பியேன்னு" என்றாள், அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தீட்டு இன்னும் வரவில்லை, நாளைக்கோ மறுநாளோ வரும், வராவிட்டாலும் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும், இந்தத் தடவை மறந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயம் முழுதாகப் போகவில்லை, போகவும் போகாது, அந்த மூன்று வருஷம் முடியும்வரை இப்படித்தான் இருக்கும். "புது அட்ட என்னைக்கு ஆரம்பம்?" என்று அத்தை கேட்டாள். "செவ்வாக்கிழம." "ராத்திரிக்கா?" "இல்ல. இனிமே மத்தியானம் ரெண்டு மணி. எந்த ஷிப்டுன்னாலும் ரெண்டு மணி." "ரெண்டு மணி" என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எழுந்து போய் ஆணியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, உறைக்குள் விரலை விட்டு, என் போட்டோவுக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை உருவினாள், இடம் தெரிந்த கை. "இன்னைக்கு உள்ளத இப்பமே போட்டுரு" என்று நீட்டினாள். செம்பில் தண்ணீரும் அவளே கொண்டுவந்தாள். அவள் பார்க்க, ஒளிக்காமல், பட்டப்பகலில் பழுப்பு மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினேன். "முழுங்கிட்டியா?" என்றாள். தலையாட்டினேன். அத்தை அடுக்களை மாடத்திலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு காலண்டருக்கு முன்னால் போய் நின்று, என் பல் தடம் இருந்த விரலால் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, முப்பத்தொன்றில் புள்ளி வைத்தாள்.